டோக்கியோவில் இலை சிவக்கும் பருவம்: எந்த வாரத்தில் எங்கே போவது

டோக்கியோவுக்குப் புதிதாக வந்தவர்கள் பலரும் அக்டோபரிலேயே கேமராவோடு கிளம்பிவிடுகிறார்கள். பூங்காவுக்குப் போனால் மரமெல்லாம் பச்சையாகவே நிற்கும். அக்டோபர் என்று போட்டு வரும் சிவந்த மலைப் படங்கள் வடக்கே ஹொக்காய்டோவிலோ உயரமான மலைகளிலோ எடுத்தவை. டோக்கியோ நகரத்துக்குள் இலை முழுதாக நிறம் மாறுவது நவம்பர் கடைசி வாரத்திலும் டிசம்பர் முதல் வாரத்திலும்தான். நகரின் மேற்கு எல்லையில் உள்ள மலைகளில் அதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே தொடங்கிவிடும். அங்கிருந்து நிறம் மெல்லக் கீழே இறங்கி நகரத்துக்கு வரும். அதனால் முதலில் தேதியைப் பார்த்துவிட்டுப் பிறகு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். இடத்தை முடிவு செய்துவிட்டுத் தேதி தேடினால் பாதிப் பேருக்கு ஏமாற்றம்தான்.

இலை ஏன் மாறுகிறது, எப்போது கெடுகிறது

நம் ஊரில் சிவந்த இலை என்றால் மாந்தளிர். பிறந்த இலைதான் சிவப்பாக இருக்கும், முதிர முதிரப் பச்சையாகும். ஜப்பானிய மேப்பிள் மரத்தில் இது தலைகீழ். உதிரப் போகும் இலை சிவக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஆந்தோசயனின் என்ற ஒரே வகை நிறமி. குளிர் வந்ததும் இலையின் பச்சையம் சிதையத் தொடங்கும். இலைக்காம்பில் அடைப்பு ஏற்பட்டு, இலையில் தேங்கும் சர்க்கரையிலிருந்து மேப்பிள் இந்தச் சிவப்பைப் புதிதாகத் தயாரிக்கிறது. ஜப்பானியர் இச்சோ என்று சொல்லும் கிங்கோ மரம் எதையும் புதிதாகத் தயாரிப்பதில்லை. பச்சையம் போனதும் ஏற்கெனவே உள்ளே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

இதைத் தெரிந்துகொள்வதில் பயன் உண்டு. காலைக் குறைந்தபட்ச வெப்பநிலை 8 டிகிரியைத் தொட்டதும் நிறமாற்றம் தொடங்கும். 5, 6 டிகிரிக்கு இறங்கினால் வேகம் பிடிக்கும். பகலில் நல்ல வெயிலும் இரவில் நல்ல குளிரும் இருந்த ஆண்டில் சிவப்பு தெளிவாக இருக்கும். கோடை மிகவும் வறண்டுபோன ஆண்டில் மேப்பிள் இலை நுனி கருகிச் சுருண்டுவிடும். செப்டம்பரில் புயல் அடித்திருந்தால் கடலோரத் தோட்டங்களில் உப்புக்காற்று பட்டு இலை பழுக்காமலே பழுப்பாகும். அப்படிப்பட்ட ஆண்டில் ஹமாரிக்யூ போன்ற விரிகுடாவை ஒட்டிய தோட்டத்தைத் தவிர்த்து, உள்ளே தள்ளியிருக்கும் இடத்துக்குப் போங்கள்.

போவதற்கு முன் நிலவரம் பார்ப்பது

நவம்பர் முழுவதும் ஜப்பானிய வானிலைத் தளங்கள் ஒவ்வோர் இடத்துக்கும் இலை நிலவரம் வெளியிடும். அதில் நான்கு சொற்கள் தெரிந்தால் போதும். ‘அவோபா’ என்றால் இன்னும் பச்சை. ‘இரோசுகி-ஹஜிமே’ என்றால் நிறம் ஏறத் தொடங்கிவிட்டது. ஒரு வாரம் பொறுங்கள். ‘மிகோரோ’ என்றால் பார்க்க உகந்த நேரம். ‘இரோஅசே-ஹஜிமே’ என்றால் நிறம் வெளுக்கத் தொடங்கிவிட்டது. நாளைக்கே போகாவிட்டால் வேறு இடம் பாருங்கள்.

மிகோரோ அறிவிப்பையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். ஒரே தோட்டத்தில் குளக்கரை மரம் சிவந்திருக்கும், கட்டட நிழலில் நிற்கும் மரம் பச்சையாக இருக்கும். பெரிய தோட்டங்கள் தங்கள் எக்ஸ் கணக்கில் அன்றன்றைக்கு எடுத்த படங்களைப் போடுகின்றன. கிளம்புவதற்கு முந்தைய நாள் அதைப் பார்ப்பதுதான் நிச்சயமான வழி. மேப்பிளுக்கு மிகோரோ பத்து நாள்வரை தாங்கும். கிங்கோவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. நன்றாகப் பழுத்த பிறகு பலமான வாடைக்காற்று ஒருநாள் அடித்தாலே மரம் மொட்டையாகிவிடும். ஆகவே கிங்கோ முழு மஞ்சள் என்று தெரிந்தும் வானிலை அறிக்கையில் பலத்த காற்று இருந்தால், வார இறுதிக்குக் காத்திராமல் வேலைக்குப் போகும் முன் காலையிலேயே பார்த்துவிடுங்கள்.

நவம்பர் முதல் பாதி: மேற்கே போங்கள்

நவம்பர் முதல் வாரத்தில் ஒக்குதாமா பள்ளத்தாக்கு. டோக்கியோ மாநகர எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனால் ஷின்ஜுகுவிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். ஓமே நிலையத்தில் ரயில் மாற வேண்டும். அதற்கு அப்பால் ரயில்கள் மிகவும் இடைவெளி விட்டே வரும். திரும்பும் நேரத்தை முன்பே குறித்துக்கொள்ளாவிட்டால் குளிரில் நடைமேடையில் நிற்க நேரும். முதல்முறை போகிறவர்கள் கடைசி நிலையம்வரை போகாமல் மிதாகே நிலையத்தில் இறங்கலாம். அங்கே ஆறு நிலையத்துக்குக் கீழேயே ஓடுகிறது, கரையோரமாக நடைபாதை இருக்கிறது, மலையேற்றம் எதுவும் இல்லை.

இரண்டாவது வாரத்தில் தாச்சிகாவாவில் உள்ள ஷோவா கினென் பூங்கா. நகர மையத்தைவிட இங்கே கிங்கோ முன்னதாகவே பழுத்துவிடும். கால்வாயின் இரு கரையிலும் சுமார் 200 மீட்டருக்குக் கிங்கோ வரிசை, இன்னும் உள்ளே போனால் 300 மீட்டருக்கு இன்னொரு வரிசை. இந்த இரண்டாவது வரிசையில் மஞ்சள் கிளைகள் மேலே கூடிக் கூரைபோல நிற்கும். நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 450 யென். பூங்கா மிகப் பெரியது. குழந்தைகளோடு போனால் உள்ளேயே வாடகைக்குக் கிடைக்கும் சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியத் தோட்டத்து மேப்பிள்கள் கிங்கோவுக்கு ஒரு வாரம் பின்தங்கிச் சிவக்கும். ஆகவே நவம்பர் நடுவில் போனால் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் கிடைக்கும். நவம்பரில் மாலை 4:30-க்கே பூங்கா மூடிவிடுகிறது.

ஷின்ஜுகு கியோயென் தோட்டத்தில் நவம்பர் 1 முதல் 15 வரை செவ்வந்திக் கண்காட்சி நடக்கும். ஒரே வேரிலிருந்து நூற்றுக்கணக்கான பூக்கள் ஒழுங்கான குவிமாடமாக மலரும்படி வளர்த்திருப்பார்கள். இலை இன்னும் சிவக்காத நாட்களில் இதைப் பார்ப்பது வீண்போகாது.

தகாவோ மலை

நவம்பர் நடுவிலிருந்து 25-ஆம் தேதி வாக்கில்வரை இது தகாவோவின் நேரம். உயரம் 599 மீட்டர்தான். ஆனாலும் நகரத்தைவிட மூன்று நான்கு டிகிரி குளிர் கூடுதல். பழக்கமில்லாதவரும் ஒரே நாளில் போய்த் திரும்பலாம் என்பதால் இந்த நாட்களில் கூட்டம் நெரியும். நவம்பர் 3, நவம்பர் 23 ஆகிய அரசு விடுமுறைகளையும் அவற்றை ஒட்டிய சனி, ஞாயிறுகளையும் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். முடியாதவர்களுக்குத்தான் இந்த விவரம்.

ஷின்ஜுகுவில் கெயியோ வழித்தடத்தில் ஏறுங்கள். சிறப்பு விரைவு ரயிலில் ஐம்பத்தைந்து நிமிடத்துக்குள், 430 யென்னில், தகாவோசான்-குச்சி நிலையத்துக்குப் போய்விடலாம். இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. முதலாவது, கெயியோ-ஹச்சியோஜி போகும் ரயிலில் ஏறிவிடுவது. அப்படி ஏறிவிட்டால் கிதானோ நிலையத்தில் மாறிக்கொள்ளுங்கள், அங்கேதான் தடம் பிரிகிறது. இரண்டாவது, ஜேஆர் ரயிலில் வந்து தகாவோ நிலையத்தில் இறங்கி இதுதான் மலை என்று நினைப்பது. மலையடிவாரம் அதற்கு அடுத்த நிலையம்; அங்கிருந்து கெயியோ ரயிலில் ஒரு நிறுத்தம் போக வேண்டும்.

காலை 8 மணிக்குள் அடிவாரத்தில் இருங்கள். பத்து மணிக்கு மேல் கேபிள் கார் வரிசை ஒரு மணி நேரத்தைத் தாண்டும், அந்த நேரத்தில் பாதி மலையை நடந்தே ஏறிவிடலாம். கேபிள் கார் ஜப்பானிலேயே மிகச் செங்குத்தான தண்டவாளத்தில், 31 டிகிரிக்கு மேற்பட்ட சரிவில், 6 நிமிடத்தில் ஏறுகிறது. போக வர 950 யென். முதல் எண் பாதை முழுக்க நடைபாதை போட்டது. வழியிலேயே 744-இல் தொடங்கப்பட்ட யாகுஓஇன் கோயில் வரும். சாதாரண விளையாட்டுக் காலணி போதும், ஏற ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆறாம் எண் பாதை ஓடையோரமாகப் போகிறது. அங்கே ஈரமும் வேர்களும் இருக்கும், வழுக்காத காலணி வேண்டும். முதல்முறை போகிறவர்கள் ஒருவழி கேபிள் காரில் ஏறி முதல் எண் பாதையில் நடந்து இறங்குவதுதான் எங்கள் யோசனை. மாலையில் இறங்கும் வரிசை காலையில் ஏறும் வரிசையைவிட நீளம்.

உச்சியோடு திரும்பிவிடாதீர்கள். அங்கிருந்து சில நிமிடம் பின்பக்கம் இறங்கினால் மொமிஜி-தாய் என்ற திட்டு வரும். பெயரிலேயே மேப்பிள் இருக்கிறது, கூட்டம் பாதிதான் இருக்கும், வானம் தெளிவாக இருந்தால் ஃபூஜி மலையும் தெரியும். காலையில்தான் ஃபூஜி தெரியும் வாய்ப்பு அதிகம், மதியத்துக்கு மேல் மேகம் மூடிவிடுகிறது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தகாவோவின் புகழ்பெற்ற தொரோரோ சோபா, அதாவது அரைத்த மலைக்கிழங்கு போட்ட நூடுல்ஸ், பார்க்கச் சைவமாகவே இருக்கும். ஆனால் அதன் சாற்றில் பொதுவாகக் காய்ந்த மீன் சீவலைத்தான் கொதிக்க வைப்பார்கள். யாகுஓஇன் கோயிலில் துறவிகள் மரபில் சைவ உணவு உண்டு. அதற்கு முன்பதிவு வேண்டும். எலுமிச்சைச் சாதமோ புளியோதரையோ கட்டுச்சோறாகக் கொண்டுபோவதே நிம்மதி. குப்பையைத் திரும்பக் கொண்டுவரப் பையும் எடுத்துக்கொள்ளுங்கள், மலையில் குப்பைத்தொட்டி கிடையாது.

நவம்பர் கடைசி வாரம்: கிங்கோவின் நாட்கள்

மெய்ஜி ஜிங்கு கய்யென் கிங்கோ சாலை இல்லாமல் டோக்கியோவின் இலையுதிர்காலம் முழுமையாகாது. 146 மரங்கள் நான்கு வரிசையாக, சுமார் 300 மீட்டருக்கு, கோபுரம்போலச் சீவிவிடப்பட்டு நிற்கின்றன. 1923-இல் நட்டவை. அவ்யாமா பெருஞ்சாலைப் பக்கம் உயரமான மரங்களையும், சாலையின் மறுமுனையில் உள்ள சித்திரக் கூடத்தை நோக்கிப் போகப் போக உயரம் குறைந்தவற்றையும் நட்டிருக்கிறார்கள். அதனால் அவ்யாமா பக்கத்திலிருந்து பார்த்தால் சாலை உண்மையில் இருப்பதைவிட நீளமாகத் தெரியும். ஆகவே இறங்க வேண்டியது கய்யென்மாஏ அல்லது அவ்யாமா-இத்சோமே நிலையம். கட்டணம் இல்லை. காலை 8 மணிக்கு முன் போனால் நடைபாதையில் நின்று நிதானமாகப் பார்க்கலாம். மதியத்தில் தோளோடு தோள் இடிக்கும். படத்துக்காக வண்டிகள் ஓடும் சாலைக்கு நடுவே இறங்காதீர்கள். ஆண்டுதோறும் அதைத் தடுக்கவே அங்கே காவலர்களை நிறுத்த வேண்டியிருக்கிறது.

கூட்டம் பிடிக்காதவர்கள் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஹோங்கோ வளாகத்துக்குப் போகலாம். அந்தப் பல்கலைக்கழகச் சின்னமே கிங்கோ இலைதான். முதன்மை வாயிலிலிருந்து யசுதா மண்டபம்வரை மரங்கள் வரிசையாக நிற்கின்றன. பொதுமக்களும் உள்ளே நடக்கலாம். வகுப்பும் ஆராய்ச்சியும் நடக்கும் இடம் என்பதால் சத்தம் மட்டும் வேண்டாம்.

கிங்கோ மரத்தடியில் கெட்டுப்போன வெண்ணெய் வாடை வந்தால் அது பெண் மரம். கீழே விழுந்து மிதிபட்ட அதன் பழச்சதையில்தான் அந்த வாடை. காலணியில் ஒட்டினால் ரயில் முழுக்க மணக்கும், பார்த்து நடங்கள். வெறுங்கையால் எடுத்தால் சிலருக்குத் தோல் அரித்துத் தடிக்கும். குழந்தைகள் பொறுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் முதல் வாரம்: தோட்டத்து மேப்பிள்கள்

கொய்ஷிகாவா கொராகுயென் 1629-இல் மிதோ தொக்குகாவா குடும்பம் தொடங்கிய தோட்டம். கட்டணம் 300 யென். நவம்பர் கடைசியிலேயே இங்கே மேப்பிள் சிவக்கத் தொடங்கும். பச்சை மரங்களுக்கு நடுவே சிவப்புச் சாயம் பூசிய த்சூதென்-க்யோ பாலமும் அதைச் சுற்றிய மேப்பிள்களுமே இங்கே முக்கியக் காட்சி. நிஷி-கசாய் பகுதியில் நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள். அவர்களுக்கு இது மிகவும் எளிது: தோசாய் தடத்தில் மாறாமல் ஈதபாஷி போய் அங்கிருந்து 8 நிமிட நடை.

ரிகுகியென் 1702-இல் யானகிசாவா யோஷியாசு அமைத்தது. யாமனோதே தடத்தில் கோமகோமே நிலையம், முதன்மை வாயிலுக்கு 7 நிமிடம், கட்டணம் 300 யென். குளத்தைச் சுற்றிவரும் பாதையில் த்சுத்சுஜி-ச்சாயா என்ற பழைய தேநீர்க் குடிலைத் தேடிப் போங்கள். அதைச் சூழ்ந்த மேப்பிள்கள் நகரின் மற்ற இடங்களில் உதிர்ந்த பிறகும் சிவப்பாக நிற்கும். இந்தப் பருவத்தில் இரவில் விளக்கொளியிலும் தோட்டத்தைத் திறக்கிறார்கள். அதற்குப் பகல் சீட்டு செல்லாது, தனிச் சீட்டு எடுக்க வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு நாட்கள் மாறுவதால் தோட்டத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டே போங்கள்.

ஷின்ஜுகு கியோயெனுக்கு இப்போது மறுபடியும் போகலாம். கட்டணம் 500 யென். பெரும்பாலோர் ஷின்ஜுகு வாயிலில் வரிசை நிற்கிறார்கள். நீங்கள் மருனோஉச்சி தடத்தில் ஷின்ஜுகு-கியோயென்மாஏ நிலையத்தில் இறங்கி ஓகிதோ வாயில் வழியாக உள்ளே போங்கள். மொமிஜி-யாமா என்னும் மேப்பிள் மேடும், பிரெஞ்சுத் தோட்டத்தின் பிளாட்டனஸ் மர வரிசையும் அந்தப் பக்கம்தான். செவ்வந்திக் கண்காட்சி முடிந்துவிட்டால் திங்கள்கிழமை விடுமுறை, மறந்துவிடாதீர்கள். மாலை 4 மணிக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள், மது கொண்டுபோகக் கூடாது. புல்வெளியில் துணி விரித்துச் சாப்பிடலாம் என்பதால் குடும்பமாகப் போக இதுதான் சிறந்த இடம்.

அரண்மனை வளாகத்தில் இனுயி சாலையை நவம்பர் கடைசி அல்லது டிசம்பர் தொடக்கத்தில் சில நாட்களுக்கு மட்டும் பொதுமக்களுக்குத் திறக்கிறார்கள். அகிஹிதோ பேரரசரின் எண்பதாம் வயதையொட்டி 2014-இல் தொடங்கிய வழக்கம் இது. கட்டணம் இல்லை, பைகளைச் சோதிப்பார்கள். வார நாளில் காலையில் போவது நல்லது.

தோசாய் தடத்துக்காரர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. ‘மிதாகா’ என்று பலகை போட்ட தோசாய் ரயில் நகானோவுக்கு அப்பாலும் நேராகப் போகும். மாறாமலே ஓகிகுபோவில் இறங்கி ஓதகுரோ பூங்காவின் பழைய கிங்கோ பாதையையும், கிச்சிஜோஜியில் இறங்கி இனோகாஷிரா பூங்காக் குளத்தையும் ஒரே மதியத்தில் பார்த்துவிடலாம். இரண்டும் இலவசம். ‘நகானோ’ என்று போட்ட ரயில் வந்தால் அங்கே இறங்கி மாறுங்கள்.

வெளிச்சம், உடை, கைபேசி

நவம்பர் கடைசியில் டோக்கியோவில் சூரியன் மாலை 4:30-க்கே மறைகிறது. உச்சிவேளையிலும் வானத்தில் தாழ்வாகத்தான் நிற்கும். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே உள்ள தோட்டங்களில் 3 மணிக்கே நிழல் விழுந்து நிறம் மங்கிவிடும். மதிய உணவுக்குப் பிறகு கிளம்புவது இந்தப் பருவத்துக்கு ஒத்துவராது. காலை 9 மணிக்கு வாயில் திறக்கும்போதே உள்ளே போங்கள்.

மேப்பிளை வெயிலுக்கு முதுகு காட்டி நின்று பார்ப்பதைவிட, மரத்துக்கு அந்தப் பக்கம் சூரியன் இருக்கும்படி நின்று பாருங்கள். ஒளி இலையை ஊடுருவி வரும்போதுதான் அந்தச் சிவப்பு எரிகிறது. கைபேசியில் படம் எடுக்கும்போது இலையைத் தொட்டுக் குவியம் வைத்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். அப்படியே விட்டால் சிவப்பு ஆரஞ்சாக வெளிறிவிடும். கூட்டமான நாட்களில் தோட்டங்களில் முக்காலி விரிக்க விடமாட்டார்கள்.

காலையில் 7, 8 டிகிரி, மதியம் 15 டிகிரி வரை போகும். ஒரே தடித்த கோட்டைவிட அடுக்கடுக்காகப் போட்டுக் கழற்றக்கூடிய உடைதான் உதவும். காற்று மிகவும் வறண்டிருக்கும், உதடு வெடிக்கும். தண்ணீரும் உதட்டுக் களிம்பும் பையில் இருக்கட்டும். கிளையை வளைக்காதீர்கள், உலுக்கி இலை உதிர்க்காதீர்கள், மரத்தடியில் பச்சைக் கம்பளம்போல இருக்கும் பாசியை மிதிக்காதீர்கள். அது அங்கே வளர்ந்து பரவப் பல ஆண்டுகள் ஆகும். ஞாபகத்துக்கு ஓர் இலை வேண்டுமென்றால் தெருவோர மரத்தடியில் விழுந்ததை எடுத்துக்கொள்ளுங்கள், கட்டணத் தோட்டத்துக்குள் இருப்பது அங்கேயே இருக்கட்டும்.

டிசம்பர் 10-ஐத் தாண்டிவிட்டால்

நகரத்தில் அப்போது உதிர்ந்த இலைதான் மிஞ்சியிருக்கும். ஆனால் தெற்கே, கடலோர மிதவெப்பத்தில் இருக்கும் காமகுராவில் டிசம்பர் நடுப்பகுதிவரைகூட மேப்பிள் தாக்குப்பிடிக்கும். டோக்கியோ நிலையத்திலிருந்து யோகோசுகா தடத்தில் ஒரு மணி நேரத்துக்குள் போகலாம். காமகுரா நிலையத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னதாக, கிதா-காமகுராவில் இறங்குங்கள். எங்காகு-ஜி கோயிலின் படிக்கட்டு நிலையத்தை ஒட்டியே தொடங்குகிறது, மேப்பிள்கள் அந்தப் படிக்கட்டிலேயே உங்களை வரவேற்கும்.